எம்பெக்கேயில் ஒரு தாய்

ஐரோப்பாவின் பழைய கிறிஸ்தவ ஆலயங்களில் துறவிகள் மணிக்கணக்கில் நின்று துதி பாடினார்கள். களைத்தவர் சாய்ந்துகொள்ள, மடக்கிய இருக்கையின் அடியில் ஒரு சிறு மரத்தாங்கி உண்டு. 'இரக்கம்' என்பது அதன் பெயர். அதன் கீழே தச்சன் பெரும்பாலும் புனிதர்களைச் செதுக்கவில்லை. கணவனை அடிக்கும் மனைவியையும், வாத்துகளுக்குப் போதிக்கும் நரியையும் செதுக்கினான்.

நம் கண்டிக்கு அருகே, 14ஆம் நூற்றாண்டில் கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு கதிர்காமக் கடவுளுக்கு எழுப்பிய எம்பெக்கே தேவாலயத்திலும் இதே மனம் தெரிகிறது. மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர்கள், நடனமாது, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்! அங்கே இருக்கையடியில் ஒளிந்திருந்த வாழ்க்கை, இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

மரம் கல்லல்ல, தொடத் தொடத் தேயும். அந்தத் தாயைக் கண்ணால் மட்டும் தரிசியுங்கள். நம் பேரப்பிள்ளைகளும் அவளைக் காணவேண்டும்.