கிடங்குப் பொருட்களுக்குப் பார்கோடு

(ஊராட்சிச் செயலர்களுக்கும் கணக்கு உதவியாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கிடங்கு இருப்பைச் சரிபார்க்கும் நாள் வந்துவிட்டால் நம் அலுவலகங்களில் உண்டாகும் கலக்கத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. தெருவிளக்குகள், கைப்பம்பின் உதிரி உறுப்புகள், குழாய் இணைப்புகள், மேசை நாற்காலிகள் ஆகியவற்றின்மீது பெயிண்டால் எழுதிய எண்ணை ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றொருவர் பதிவேட்டில் அதைத் தேடிக் குறியிடுவார். பாதி பெயிண்ட் அழிந்திருக்கும். 3 என்பது 8 ஆகத் தோன்றும். இத்தொல்லையைக் குறைப்பதற்கு, நம்மிடமுள்ள கணினியிலேயே பார்கோடு சீட்டுகளைத் தயாரித்துக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதில் நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இக்கோடுகளின் வரலாறு சுவையானது. அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லண்ட் சிறுவயதில் சாரணர் படையில் தந்திக் குறிகளைக் கற்றவர். மயாமி கடற்கரையில் அமர்ந்திருக்கையில், புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் என்ன என்று மணலில் விரல்களால் இழுத்துப் பார்த்தாராம். அவரும் பெர்னார்டு சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றனர். பின்னர் 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மேலிருந்த கோடுகளைக் கருவி படித்து விலை சொல்லிற்று. கடைகளில் இன்று நாம் காணும் வழக்கம் அங்கே தொடங்கியது.

நமக்கு ஏற்றது அதே 1974-இல் உருவான ‘கோட் 39’ என்னும் முறையாகும். இதில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து கருங்கோடுகளும் நான்கு வெள்ளை இடைவெளிகளும் சேர்ந்தது. அந்த ஒன்பதில் மூன்று அகலமானவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே இது ஏற்கும். தமிழெழுத்துக்கு இதில் இடமில்லை. ஆகையால் பொருளின் எண்ணை மட்டும் கோடாக்கி, பெயரைக் கீழே தமிழில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அக்கோடுகளுக்குள் பொருளின் விலையோ வரலாறோ ஒளிந்திருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, அது வீட்டுக் கதவிலக்கம் போன்றதே. மற்ற விவரமெல்லாம் பதிவேட்டில்தான் இருக்கும்.

செய்முறையைக் கூறுகிறேன். ‘லிப்ரே பார்கோடு 39’ என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். எக்செல் விரிதாளில் முதல் பத்தியில் பொருளின் எண்ணை எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் ="*"&ஏ2&"*" என்று சூத்திரம் இடுங்கள்; ‘ஏ’ என்பதை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும். எண்ணின் இருபுறமும் நட்சத்திரக் குறி சேர்ந்துவிடும். தொடக்கம் இது, முடிவு இது என்று ஸ்கேனருக்கு அறிவிப்பவை அந்நட்சத்திரங்களே. அவை இல்லாவிடில் கோடுகள் அழகாகத் தோன்றும். ஆனால் கருவி வாய் திறவாது. பிறகு அப்பத்தி முழுவதற்கும் பார்கோடு எழுத்துருவைத் தேர்ந்து, அளவைப் பெரிதாக்கினால் கோடுகள் வந்துவிடும்.

கட்டம் குறுகலாயிருந்தால் கடைசி நட்சத்திரம் வெட்டுண்டு போகும். கோடுகளின் இருபுறமும், மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு வெற்றிடமும் வேண்டும். சீட்டின் ஓரம்வரை கோட்டை நெருக்கிச் சிக்கனம் பிடிப்பவர்கள் சீட்டு முழுவதையும் வீணாக்குகிறார்கள். கோப்பை வேறொரு கணினிக்கு அனுப்பினால், அங்கே எழுத்துரு இல்லையெனில் வெறும் எண்களே தெரியும். ஆகவே பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். ‘கோட் 128’ என்னும் முறை இடத்தைக் குறைவாகவே எடுக்கும் என்பது உண்மைதான். ஆயினும் அதற்குச் சோதனை இலக்கம் ஒன்றைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது. முதலில் எளியதைப் பழகுவோம்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் கிடங்கில் ஊராட்சிக்கு இரண்டு இலக்கம், பொருளுக்கு நான்கு இலக்கம் என்று எண்ணிட்டோம். நான்காம் ஊராட்சியின் 127-ஆம் பொருள் 040127 ஆயிற்று. சீட்டுக்கான விரிதாளில் இதை அடித்தபோது, எக்செல் அதை ஒரு தொகையாகக் கருதி முன்னிருந்த பூஜ்யத்தை நீக்கி 40127 என்று வைத்துக்கொண்டது. பதிவேட்டிலோ 040127 என்றே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, முதல் ஒன்பது ஊராட்சிகளின் பொருட்கள் அனைத்தும் ‘இல்லை’ என்று பட்டியல் வந்தது. நான் பட்டியலைப் பார்த்தேன். கிடங்கைப் போய்ப் பார்க்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணையில் கையெழுத்திட்டேன்.

அவர் மறுநாள் என் அறைக்கு வந்து, “ஐயா, பொருள் என் கண்முன் இருக்கிறது, இயந்திரம் இல்லை என்கிறது. நான் எந்த விளக்கத்தை எழுதுவது?” என்று கேட்டார். பல ஆண்டுகள் ஓர் ஆணிக்கும் கணக்குச் சொன்ன மனிதர் அவர். அவருடன் கிடங்கிற்குச் சென்று, ஒரு பம்பு உறுப்பின் சீட்டை என் கையாலேயே படித்துப் பார்த்தபோதுதான் காணாமற் போனது பூஜ்யம் என்பது விளங்கிற்று. அன்றே குறிப்பாணையைத் திரும்பப் பெற்று, பிழை என்னுடையது என்று கோப்பில் எழுதினேன்.

எனவே எண்களை அடிப்பதற்கு முன்பே அப்பத்தியை ‘உரை’ வடிவத்திற்கு மாற்றிவிடுங்கள். அடித்த பின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. எண்ணின் முன்னே ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சேர்ப்பது இன்னும் நல்லது. எக்செல் அதில் கைவைக்காது. நூறு சீட்டு ஒட்டுவதற்கு முன் பத்துச் சீட்டை ஒட்டிச் சோதியுங்கள்.

மகளிர் குழுக்களின் ஊறுகாய்க்கும் மசாலாப் பொடிக்கும் இப்படியே குறியிடலாமா என்று ஒரு சகோதரி காலையில் கேட்டார். குழுவின் சொந்த இருப்புக் கணக்கிற்கு இடலாம். பெரிய கடைகளில் விற்பதானால் ஜிஎஸ்1 இந்தியா நிறுவனத்தில் பதிவு செய்து, 890 என்று தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். நாமாக ஓர் எண்ணைக் கற்பித்துக்கொண்டால் அது வேறொருவர் பொருளின் எண்ணாக இருந்துவிடக்கூடும்.

தேநீர் இடைவேளைக்குப் பின் பக்கத்து அறையில் கணினிகளும் இரண்டு ஸ்கேனர்களும் ஆயத்தமாக இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் இருப்புப் பதிவேட்டிலிருந்து பத்து எண்களை எடுத்து வாருங்கள். நான் கூறிய அந்தக் கிடங்குப் பொறுப்பாளர் இங்கே வந்திருக்கிறார். நீங்கள் அச்சிடும் சீட்டுகளை அவரே படித்துப் பார்த்துச் சொல்வார்.