யந்திரமும் நெசவுக் கலையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

யந்திரம் பெருகுவதால் கலை வளருமா, தேயுமா என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். தறியையே முன்னோர் வைத்த தனமாகப் பெற்ற நமக்கு இது வெறும் வாதப் பொருளன்று. வீட்டில் உலை ஏறுவதும் ஏறாததும் இதைப் பொறுத்தது. ஆகையால் நமது தொழிலினின்றே சான்று காட்டிப் பேச விரும்புகின்றேன்.

பிரான்சு தேசத்து லியோன் பட்டு நெசவிற்குப் பேர்பெற்ற நகரம். அங்கே முற்காலத்தில் பூவேலைத் துணி நெய்வதற்குத் தறிக்கு இருவர் வேண்டியிருந்தது. ஒருவர் நாடா ஓட்டுவார். எழும்ப வேண்டிய பாவிழைகளுக்குரிய கயிறுகளை ஒரு சிறுவன் இழுத்துக் கொடுப்பான். அந்நகரில் 1752-இல் பிறந்த ஜக்கார்டு என்பவர், தமக்கு முற்பட்டோர் செய்த முயற்சிகளைத் திருத்தி, 1804-இல் ஒரு கருவியை அமைத்தார். நாம் இன்று ஜக்கார்டுப் பெட்டி என்று வழங்குவது அவர் பெயரால் வந்ததே. துளையிட்ட அட்டைகளைச் சங்கிலிபோற் கோத்து மேலே ஏற்றினால், துளையுள்ள இடத்தில் ஊசி புக, அதற்குரிய இழை எழும்பும். துளையில்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். சிறுவன் செய்த வேலையை அட்டை செய்யலாயிற்று.

இதன் வல்லமை எத்தகையதெனில், 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்துவிட்டார்கள். ஆங்கிலேய அறிஞர் பாபேஜ் தாம் வகுத்த கணித யந்திரத்திற்கு இவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஆகவே இக்காலத்துக் கணினியின் மூதாதையருள் தறியும் ஒன்று.

நிற்க. இக்கருவியால் மாறியது உழைப்பு மட்டுமன்று. நமது காஞ்சியில் ‘அடை’ கட்டிப் புட்டா எடுத்த நாளில், சித்திரம் தறியோடும் அதைக் கட்டத் தெரிந்தவர் அறிவோடும் கூடியிருந்தது. அட்டை வந்தபின் சித்திரம் தறியை விட்டுப் பிரிந்தது. ஓரிடத்தில் வெட்டிய அட்டையை ஆயிரந் தறிகளில் ஏற்றலாம். அட்டை யார் கையிலுளதோ அவர் கையிலேயே கற்பனையும் இருக்கின்றது. மற்றவர் கூலிக்கு நெய்பவராகின்றார்.

காஷ்மீரத்துச் சால்வையின் கதை இதற்குத் தக்க சான்றாகும். சிறு மரக்கதிர்களில் வர்ண இழை சுற்றி நெய்யும் அச்சால்வை ஒன்று முடிய ஆண்டுக்கு மேலும் ஆவதுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தார் அதைப் பார்த்து, பின்னர் ஜக்கார்டுத் தறியும் கொண்டு, மலிவாக நெய்து குவித்தார்கள். நாம் மாங்காய் என்று சொல்லும் அவ்வுருவத்திற்கு, ஆங்கிலத்தில் இன்றளவும் பெய்ஸ்லி என்பதே பெயர்! படைத்தவன் பெயர் மறைந்து, நகலெடுத்த ஊரின் பெயர் நிலைத்தது. ஆயினும் 1870-க்குப் பின் மேனாட்டு மாதரின் உடைநாகரிகம் மாறவே, பெய்ஸ்லியின் சால்வைத் தொழிலும் வீழ்ந்தது.

ஆனால் யந்திரமே பகையென்று கருதுதல் கூடாது. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலின் அழகின்மையை ஓயாது கண்டித்த வில்லியம் மாரிஸ், 1877-இல் லியோனிலிருந்து ஒரு நெசவாளரை வரவழைத்து ஜக்கார்டுத் தறி நாட்டினார். சித்திரம் அவருடையது, சாயத்தின் தேர்வும் அவருடையது. ஆதலால் கருவி அவருக்கு ஏவலாளாக நின்றது.

நமது நிலை யாது? கைத்தறியில் நாம் இறக்கும் புதுக்கரையை விசைத்தறி சில நாட்களிலேயே நகலெடுத்து விடுகின்றது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிற்று. காஞ்சிபுரப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இவையன்றி, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, புதிய சித்திரத்தைப் பதிவு செய்தவருக்கு 10 ஆண்டு உரிமையுண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். சந்தையில் வெளியிடுமுன்பே பதிவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும் என்பதை நம்மவரிற் பலர் அறியார். ஆயினும் புதியது ஒன்றைப் படைத்தவனுக்கே அச்சட்டம் துணை நிற்கும். பழைய மாங்காயையும் அன்னத்தையும் திரும்பத் திரும்ப நெய்பவனுக்கு அதனாற் பயனில்லை.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். நம் பிள்ளைகளுக்கு, பெண்மக்களையும் சேர்த்து, கட்டத்தாளில் சித்திரம் வரையவும், கணினியில் அதை அட்டைக்கு அமைக்கவும் கற்பிக்க ஒரு வகுப்பு ஏற்படுத்துதல் வேண்டும். வீடுதோறும் பெட்டியில் மக்கிக் கிடக்கும் பழஞ்சேலைகளின் கரை, முந்தானை மாதிரிகளைத் திரட்டிச் சங்கத்தில் காத்தல் வேண்டும். புதுச் சித்திரம் ஒவ்வொன்றிற்கும் அதனை எண்ணியவர் பெயரையும் நாளையும் ஓர் ஏட்டிற் பதிதல் வேண்டும். முதலாளிகளாயினும் கூலிக்கு நெய்வோராயினும் இவ்வேட்டில் வேற்றுமை கூடாது.

நமது பாட்டனார் பலர் அரிய சித்திரங்களைச் செய்தும் பெயரின்றி மறைந்தனர். நம் பேரர்கள் பெயரேனும் நிலைக்குமாறு இவ்வாண்டே தொடங்குவோமாக.