பெயர் ஒன்றாக இருக்கட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையிலிருந்து)



"கொழும்புல போய் இருந்துட்டியாமே, விசாவுக்கு என்னடே செஞ்ச?" என்று காலையிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா காலத்தில் தூத்துக்குடியில் தோணி ஏறினால் கொழும்பில் இறங்கலாம். இலங்கையின் குடிவரவுச் சட்டமே 1948-ல்தான் வந்தது. கப்பலில் இன்ஜினியராக ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்ற எனக்கோ, எதிர்க்கரைக்குப் போக ஒரு கட்டுக் காகிதம் தேவைப்பட்டது.

ஒரே மகள் கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். 2018-ல் நானும் மனைவியும் அங்கே போக முடிவு செய்தோம். 55 வயது கடந்த வெளிநாட்டவருக்கான 'மை டிரீம் ஹோம்' விசாவுக்கு விண்ணப்பித்தோம். அப்போதைய விதிப்படி வங்கியில் 15,000 டாலர் வைப்பு வேண்டும். மாதாமாதம் எனக்கு 1,500, மனைவிக்கு 750 டாலர் வெளியிலிருந்து வர வேண்டும். இனி போகிறவர்கள் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி இருந்தது. மாட்டிக்கொண்டது பெயரில்தான்.

நம்ம முத்துக்குளித்துறைக் கதை உங்களுக்குத் தெரியும். 1530-களில் போர்த்துக்கீசியர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை பர்னாந்து, மோத்தா, மச்சாடு போன்ற குடும்பப் பெயர்கள். கோயில் பதிவேட்டில் அவை இருக்கும். பள்ளிக்கூடத்திலோ வெறும் இனிஷியலோடு எழுதிவிடுவார்கள். கல்யாணப் பதிவில் நான் பர்னாந்து. பாஸ்போர்ட்டில் பர்னாந்து இல்லை, என் அப்பா பெயர்தான் உண்டு. மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்த மாப்பிள்ளை நான்தான் என்பதற்கு அத்தாட்சியே இல்லை! 33 வருஷம் குடும்பம் நடத்தியவன் நான்.

எனக்கு விசா கிடைத்தது; அவளுடையது நின்றுபோனது. மகளின் பிரசவத்துக்குச் சுற்றுலா விசாவில் வந்தவள், 30 நாளில் ஊர் திரும்பினாள். பேத்தியின் ஞானஸ்நானத்தை இங்கே தனியாக உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். "அவ மூஞ்சி சரியாத் தெரியல"ன்னு அன்னைக்கு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு நானும் ஊருக்கு வந்தேன். பங்குக் கோயிலில் திருமண நகல், நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், தமிழக அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, இருவருக்கும் புதிய பாஸ்போர்ட் என்று ஐந்து மாதம் அலைந்தேன். அதன் பிறகுதான் அவளுக்கு விசா வந்தது.

ஆகவே நண்பர்களே, டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பர் மாத ஆயுள் சான்றையும் மறக்கக் கூடாது. அதற்கு 2014 முதல் ஜீவன் பிரமாண் இருக்கிறது. 2021-லிருந்து செல்போனில் முகத்தைக் காட்டியே பதியலாம்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் 24-11-2009 முதல் எல்லா மதத்தவர்க்கும் திருமணப் பதிவு கட்டாயம். கோயிலில் எழுதியாச்சு என்று இருந்துவிடாதீர்கள். கல்லூரியை விட்டுப் போகுமுன் பட்டச் சான்றிதழிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். இன்று ஒரு விண்ணப்பத்தில் முடியும். என் வயதில் என்றால் அதற்குள் பேத்தி வளர்ந்துவிடுவாள்.