இதய மாத்திரையும் நமக்காக இரத்தம் கொடுத்தவர்களும்

(அறக்கட்டளையின் இலவச இதயநோய் முகாமில் மருத்துவக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இன்று காலை முகாமுக்கு வந்த ஓர் உம்மா, தாம் சாப்பிடும் டிஜாக்சின் மாத்திரை அட்டையை எங்களிடம் காட்டினார். படபடப்பு கூடினால் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வாராம். ஏன் என்று கேட்டோம். "செடியிலிருந்து எடுத்த மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

டிஜாக்சின் செடியிலிருந்து வருவது உண்மைதான். ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலை, கால் வீக்கத்தைக் குறைப்பதை வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆராய்ந்து 1785-இல் நூலாக எழுதினார். அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளாகும், நாடி தளர்ந்துபோகும் என்பதையும் அவரே எழுதிவைத்தார். அந்தச் செடியின் இன்னொரு இனத்திலிருந்து 1930-இல் டிஜாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. நம் ஊர் தங்க அரளிக் கொட்டையில் இருக்கும் நஞ்சும் இதே வகையைச் சேர்ந்ததுதான். செடி என்பதால் ஆபத்தில்லை என்று யாரும் எண்ண வேண்டாம்.

இம்மருந்து இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும். தாறுமாறான வேகத்தைத் தணிக்கும். ஆனால் குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு மில்லி இரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும். 2-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். படபடப்பேகூட மருந்து மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம்!

இந்தக் கணக்கெல்லாம் எப்படிக் கிடைத்தது? நோயாளிக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும். வேறு நான்கைந்து மாத்திரைகளும் உள்ளே இருக்கும். எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே நோயில்லாத தன்னார்வலர்களுக்குக் குறைந்த அளவு மருந்து கொடுத்து, நாள் கணக்கில் இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்தார்கள். மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரம் அளவில் இரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போகிறது. பிறகு மெல்ல உடலின் தசைகளுக்குள் பரவுகிறது. இதனால்தான், மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழித்து இரத்தம் கொடுங்கள் என்கிறோம். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகிறது. பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் பல நாள் தங்கும். நேற்றைய மாத்திரையின் மிச்சம் உள்ளே இருக்கும்போது இன்று இரண்டு போட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1971-இல் நியூயார்க்கில் லிண்டன்பாம் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், வெவ்வேறு தயாரிப்பு டிஜாக்சின் மாத்திரைகளை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அட்டையில் எழுதியிருந்த அளவு ஒன்றே. ஆனால் இரத்தத்தில் சேர்ந்த மருந்தோ ஒன்றுக்கு ஏழு மடங்கு வரை வேறுபட்டது! மாத்திரை வயிற்றில் கரையும் விதம்தான் முக்கியக் காரணம். அதன்பின் டிஜாக்சின் மாத்திரைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. நோயே இல்லாத சிலர் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால், எத்தனையோ நோயாளிகளின் உயிருக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

அவர்கள் கொடுத்தது ஓர் அமானிதம். அதைப் பேண நாம் செய்ய வேண்டியவை இவை: சொன்ன அளவை மீறாதீர்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்துப் போடாதீர்கள். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, பசியின்மை, மஞ்சள் பார்வை, நாடித் தளர்ச்சி கண்டால் உடனே வாருங்கள். நோன்பு காலத்தில் நேரத்தை மாற்றுவதற்கு முன் கேளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டிலும் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. அழைப்பு வந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை பெற 2019-ஆம் ஆண்டு விதிகளில் வழி உண்டு. பணத்துக்காக நோயை மறைத்தோ, ஒரே சமயத்தில் இரண்டு இடங்களிலோ சேராதீர்கள். அது உங்கள் உயிருக்கும் ஆபத்து. அந்தக் கணக்கை நம்பி மாத்திரை விழுங்கப்போகும் யாரோ ஒரு உம்மாவுக்கும் ஆபத்து.

காலையில் வந்த அந்த உம்மா, "இனி ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களும் வீட்டுக்குப் போனதும் வாப்பா, உம்மாவின் மாத்திரை அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.