கொப்பி மூடிய நாள்: யாழ்ப்பாணத்துத் தனிக்கடைகளின் தேய்வு

யாழ்ப்பாணத்தில் பெரியகடை என்பது ஒரு கடையின் பெயரன்று. நகரின் பழைய வணிகப் பகுதிக்கே வழங்கும் பெயர். கஸ்தூரியார் வீதியின் நகைக்கடைகளும் காங்கேசன்துறை வீதியின் மொத்த, சில்லறைக் கடைகளும் அதனை ஒட்டி வளர்ந்தவை. ஒரு குடும்பம் முதலிட்டு, அக்குடும்பத்தவரே கல்லாவில் இருந்து நடத்திய இத்தகைய கடைகள் தேய்ந்துவிட்டன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எப்போது, எதனால் என்பதே வழக்கு.

பொருளியலாளர் பலர் குற்றத்தைப் பல்பொருள் அங்காடிகள்மேல் சுமத்துவர்: 2009இல் போர் முடிந்தது, பாதை திறந்தது, தென்னிலங்கையின் சங்கிலிக் கடைகள் வந்தன, சிறுகடைகள் மடிந்தன. சமூகவியலாளர் சிலரோ யாழ்ப்பாணத்தார் உத்தியோகத்தையே நாடியவர், வணிகம் அவருக்கு ஒருபோதும் ஒட்டவில்லை என்பர். பின்னைய கூற்றுக்கு நெடிய மறுப்பு வேண்டியதில்லை. காரைநகர், புங்குடுதீவு, வேலணை ஊரவர்கள் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்கள்வரை சென்று சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்து வாழ்ந்தனர். முன்னைய கூற்றே கவனத்துக்குரியது. அது கடையைச் சரக்கு விற்கும் இடமாக மட்டும் கொள்கிறது. யாழ்ப்பாணத்துக் கடை அதனினும் கூடியது. அது கடன் கொடுக்கும் இடம்.

கடனின் உருவம் கொப்பி, அதாவது கடைக்காரர் கடனை எழுதிவைக்கும் கணக்குப் புத்தகம். உத்தியோகத்தர் வீட்டுக் கணக்கு சம்பள நாளில் தீரும். கொழும்பில் வேலை செய்யும் மகனின் மணியோடர் வந்ததும் தாயின் கணக்குத் தீரும். கமக்காரர் கணக்கு புகையிலையோ வெங்காயமோ விற்றபின் தீரும். 1970களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது கொப்பிகள் தடித்தன, தீரவும் செய்தன. கடைக்காரருக்கும் இதே தவணையைக் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வணிகர் கொடுத்தனர். அங்கும் நாலாம் குறுக்குத் தெரு போன்ற இடங்களில் யாழ்ப்பாணத்தாரும் தீவகத்தாரும் இருந்தனர். கமக்காரரில் தொடங்கிப் புறக்கோட்டையில் முடிந்த இச்சங்கிலியின் மேற்கண்ணி 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது பூபாலசிங்கம் புத்தகசாலையும் கடைகளும் எரிந்தமை வேறு.

எனினும் சங்கிலி நடுவில் அறுந்த நாள் 1990 ஒக்டோபர் 30. இதனை வணிக வரலாற்று நாளாக எழுதாமல் இனமுரண்பாட்டு வரலாற்றுக்கு ஒதுக்கிவிடுவதே நம் துறைகளின் குறை. யாழ் நகரின் இரும்புக் கடைகள், பழைய இரும்பு வணிகம், தையற்கடைகள், இறைச்சிக் கடைகள், லொறிப் போக்குவரத்து ஆகியவற்றில் சோனகத்தெரு முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்தது. அன்று காலை ஒலிபெருக்கியில் அவர்கள் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். உடுதுணியும் சில நூறு ரூபாவுமே கொண்டுபோக அனுமதிக்கப்பட்டன, நகைகள் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர்.

இரும்புக் கடையை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, கமம் சுண்ணக்கல் கிணற்றை நம்பியது. துலாவின் இடத்தை மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் பிடித்தபின், மிசினின் வால்வு தேய்ந்தாலும் குழாய் வெடித்தாலும் கமக்காரர் ஓடியது இரும்புக் கடைக்கே. நீர் ஒரு தவணை தப்பினால் பயிர் போகும். கையில் காசு அறுவடைக்குப் பின்தான் வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடைக்காரர் கொப்பியால் நிரப்பினார். மண்வெட்டியும் முள்ளுக்கம்பியும் ஆணியும் அப்படியே கொடுபட்டன. யாருக்கு எவ்வளவு நம்பலாம், யார் வாக்குத் தவறாதவர், எந்தக் குறிச்சியில் எந்த மிசின் ஓடுகிறது என்பதெல்லாம் முதலாளியின் தலையில் இருந்தன. கொப்பியில் இருந்தது அதன் சுருக்கம் மட்டுமே.

இறாக்கைகளில் கிடந்த சரக்கு பிறர் கைக்கு மாறலாம். அந்த அறிவு மாறவில்லை. கடன்பட்டவர் குடாநாட்டில் இருந்தார், கடன் கொடுத்தவர் புத்தளத்தில் முகாமில் இருந்தார். இடையில் ஒழுங்கான தபாலும் இல்லை, நீதிமன்றும் இல்லை, முகம் பார்த்து நாணும் நிலையும் இல்லை. அயலவர் கடையின் கொப்பி ஒரே நாளில் பெறுமதியற்றுப்போனதைக் கண்ட தமிழ் முதலாளிக்கும் தன் கொப்பியில் நம்பிக்கை குலைந்திருக்க வேண்டும். இவ்வுரையின் நிலைப்பாடு இதுவே: அந்நாளுக்குப் பின் பெரியகடையில் கடை இருந்தது, கொப்பியில் நம்பிக்கை இல்லை.

பொருளாதாரத் தடை மிச்சத்தையும் முடித்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் பற்றறி, எரிபொருள், சீமெந்து முதலியன தடைசெய்யப்பட்டன. 1950 முதல் காங்கேசன்துறையில் சீமெந்து செய்த மண்ணுக்கே சீமெந்து மறுக்கப்பட்டது. கிளாலிக் கடலைக் கடந்து வந்த சரக்கின் விலை நாளுக்கு நாள் மாறியது. நாளைய விலை தெரியாதவர் கடன் எழுதமாட்டார்; கைக்காசே சட்டமாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல், வெளியேற்றத்துக்குச் சரியாக ஐந்தாண்டு கழித்து, வலிகாமத்தின் ஏனைய மக்களும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். எஞ்சிய கொப்பிகளுள் பெரும்பாலானவையும் அப்போது போயின.

அதற்குப் பின்னையவை சுருக்கமாகவே சொல்லத்தக்கவை. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, போருக்குப் பின் மீளத் திறந்தது. மூடிய காலத்தில் மக்கள் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றனர். யாழ்தேவி ரயில் 2014இல் மீண்டும் வந்தது. பல்பொருள் அங்காடிகளுக்கு இணையாக, ஏன், அவற்றைவிடக் கூடுதலாக, லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் குடாநாட்டில் கிளை பரப்பின. கடையின் பழைய கடன் வேலையை எடுத்துக்கொண்டவை இவையே. குளிரூட்டிய அங்காடி எடுத்தது விற்பனையை மட்டும். எனவே அங்காடி கொலையாளியன்று, செத்த வீட்டுக்குப் பின்னால் வந்த வாங்குநர்.

இனிச் செய்ய வேண்டியவை பல. எஞ்சியுள்ள கணக்குக் கொப்பிகளைத் தேடிப் படியெடுத்தல். புத்தளத்தில் வாழும் முன்னாள் யாழ் வணிகரின் வாய்மொழியைப் பதிதல். மீளக் குடியேறியோர் கடைகளைத் தனியே ஆராய்தல். சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிச் சந்தைகளை நகரோடு ஒப்பிடல். வெளிநாட்டு உண்டியல் காசு கைக்காசு வணிகத்தை எவ்வளவு தாங்கியது என்று பார்த்தல். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒழுங்கைக் கடைகள் மீண்டும் கொப்பி எழுதினவா என்று விசாரித்தல். முதலாவதை உடனே தொடங்க வேண்டும். கறையான் தவணை பார்ப்பதில்லை.