காற்றும் கணக்கும்



கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ஆம் ஆண்டில், சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஆண்டு முழுவதும் ஓயாது முழு வேகத்தில் சுழன்றால் அது சுமார் 30 லட்சம் யூனிட் தரவேண்டும். ஆனால் காற்று நம் ஏவலுக்குக் கட்டுப்பட்டதன்று. தென்மேற்குப் பருவத்தில் பலமாக வீசும், பின்னர் அடங்கிவிடும். ஆகவே கிடைப்பது அதில் ஒரு பகுதியே. முழு அளவை நம்பித் தவணையை வகுக்கும் ஊராட்சி கடனில் மூழ்கும்.

எரிசக்தியையும் வணிகத்தையும் இணைத்துப் பயிற்றும் பல்கலைக்கழகப் படிப்பு இந்தக் கணக்கைத்தான் கற்பிக்கிறது. இயந்திரம் விற்பவர் சொல்லும் கணக்கையே நாம் எத்தனை நாள் நம்பியிருப்பது? உங்கள் மக்களுள் ஒருவரையேனும் இதைப் படிக்க அனுப்புங்கள். படித்துத் திரும்பும் பிள்ளையின் முதல் வேலை, நம் ஊராட்சியின் மின் கட்டணச் சீட்டுகளைப் பரிசீலிப்பதாக இருக்கட்டும்.