அடி மாறும் நேரம்



பக்கத்து டிவிஷனில் தப்பு மேளத்தின் சத்தம் கேட்கிறது. சாவு வீடா, கலியாண வீடா, கோயில் திருவிழாவா? இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. லய வரிசை வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். இசை எந்த இடத்தில் மாறுகிறது, எப்படி மாறுகிறது என்பதைக் காது கண்டுபிடிக்கும் இந்தத் திறமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எந்த வீட்டுக்கும் அதே தப்புதான் வருகிறது. நெருப்பில் காய்ச்சி இறுக்கிய அதே தோல், தடித்த குச்சி ஒன்று, மெல்லிய நீண்ட குச்சி ஒன்று. மாறுவது அடி மட்டும். தூரம் கூடக்கூட மெல்லிய குச்சியின் சத்தம் காற்றில் கரைந்துவிடும். கனத்த அடி மட்டுமே பள்ளத்தைத் தாண்டி வந்து சேரும். அந்த அடிகள் எந்த வரிசையில் விழுகின்றன, நடுவில் எவ்வளவு இடம் விடுகின்றன என்பதை வைத்தே கேட்பவர் சேதியைப் பிடித்துக்கொள்கிறார். முன்பு விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்டும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்புதான். ஆக, தோட்டத்து மக்களுக்கு அடி மாறுவதைக் கவனிப்பது பிழைப்போடு சேர்ந்த பழக்கமாக இருந்தது.

இந்தக் காதின் திறமையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால், காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குப் போக வேண்டும். நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதத்து மூன்றாம் பிறையில், கூத்துத் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பிறகு இரவு இரவாகப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். கடைசி இரவு பெரிய இரவு. ரதிக்கும் காமனாகிய மதனுக்கும் கலியாணம் நடக்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் நெற்றிக்கண் நெருப்பில் எரிந்துபோகிறான். ரதியின் ஒப்பாரி எழுகிறது. தூதன் வந்தால் ஓர் அடி, வீரபத்திரன் வந்தால் வேறோர் அடி. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கம்பளிக்குள் சுருண்டு தூங்கும் பிள்ளை தப்பு உரக்க ஒலிப்பதால் விழிப்பதில்லை, அடி மாறும்போதுதான் விழிக்கிறது. பிளேன்டீ குடிக்க ஒதுங்கிப்போனவர்களும் அப்போதுதான் திரும்பி வருகிறார்கள்.

ஏன் இப்படி? ஒரே அடி நெடுநேரம் ஒலிக்கும்போது, அடுத்தது என்ன வரும் என்று மனம் தானாகவே முன்கூட்டி எண்ணத் தொடங்கிவிடுகிறது. அந்த எண்ணம் பொய்த்துப்போகும் கணத்தைத்தான் நாம் ‘மாறிவிட்டது’ என்று உணர்கிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தேவராஜன் ஸ்ரீதரன், வினோத் மேனன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு வில்லியம் பாய்ஸ் என்ற பழைய ஆங்கிலேய இசையமைப்பாளரின் சிம்ஃபொனிகளைப் போட்டு, கேட்கும்போதே மூளையைப் படம் எடுத்தார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் சின்ன மௌனத்தில்தான் மூளை மிகச் சுறுசுறுப்பாக இருந்தது. நம் தப்புக் கலைஞர்கள் அடியை ஓயவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு புதிய அடியைத் தொடங்குவார்களே, அந்த ஒரு கணத்தின் மதிப்பை ஆய்வுக்கூடமும் கண்டிருக்கிறது.

ஆனால் நீண்ட நேரம் கழித்து வரும் மாற்றங்கள் வேறு கதை. இசையியலாளர் நிக்கலஸ் குக் 1987இல் வெளியிட்ட ஆய்வில், சில மேற்கத்திய இசைப்படைப்புகளைத் தொடங்கிய சுருதியில் முடியாதபடி மாற்றி, இசை பயின்ற மாணவர்களைக் கேட்கவைத்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டவற்றில், அந்த மாற்றம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அப்படியென்றால் ஓர் இரவு முழுக்க நீளும் கூத்தின் அமைப்பைக் கொழுந்து பறித்துக் களைத்துவந்த ஒரு தாய் எப்படித் தொலைக்காமல் வைத்திருக்கிறாள்? கதை அவளுக்குத் தெரியும், வருடா வருடம் கேட்டிருக்கிறாள். கலியாண அடி ஒலிக்கும்போதே எரியப்போகிற அடியை அவள் மனம் எதிர்பார்த்திருக்கிறது. ரசனை என்று இதைத்தான் நான் சொல்வேன்.

மீனாட்சி அம்மையும் கோ. நடேசய்யரும் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கம் வளர்த்த காலத்தில் இந்தக் காதின் திறமையையே நம்பினார்கள். எல்லோருக்கும் பழகிய மெட்டுகளில் கூலியையும் உரிமையையும் பற்றிய புதிய சொற்களை வைத்து மீனாட்சி அம்மை பாடினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. மெட்டு மாறாமல் நின்றதால் மாறிய சொல் காதில் தைத்தது.

இன்று என் மனதை உறுத்துவது ஒன்று. 2023இல் மலையகத் தமிழர் வந்து குடியேறிய 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த வேளையில் தப்பும் கூத்தும் பல மேடைகளில் ஒலித்தன. நெஞ்சு நிறைந்தது. தப்படிப்பவரைச் சாதியின் பெயரால் தாழ்வாகப் பார்த்த வழக்கம் அந்த மேடைகளில் உடைவதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் மேடைக்குக் கிடைப்பது அரைமணி நேரம். கலியாணம் முடிந்த சில நிமிடங்களில் மதன் எரிந்துவிடுகிறான். ஓர் அடி காதில் ஊறுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. எல்லாமே மாற்றமாகிவிட்டால் எதுவும் மாற்றமாகக் கேட்பதில்லை. ரதியின் ஒப்பாரிக்கு அழுதவர்கள் பாட்டுக்காக மட்டும் அழவில்லை. அதற்கு முன் மணிக்கணக்கில் கேட்ட கலியாண அடி திடீரென்று இல்லாமல் போனதற்காகவும்தான் அழுதார்கள்.

கூத்து வாத்தியார்மாரே, மேடைக்குச் சுருக்கம் தேவைப்படலாம், செய்யுங்கள். காமன் பொட்டலில் மட்டும் கடைசி இரவைச் சுருக்காதீர்கள். இளைஞர்களே, உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத் துண்டுகளை எடுப்பதோடு நிறுத்தாமல், உங்கள் தோட்டத்து மூத்த தப்புக் கலைஞர் வாசிப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை, நடுவில் வரும் ஓய்வுகளையும் சேர்த்து, ஒருமுறையாவது ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர் சொல்லும் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். வரும் மாசிக்கே தொடங்குங்கள்.